கடைசி இரண்டு சைக்கிள்: டீன் த்ரில்லர் படத்தின் முதல் மூன்று நிமிடத்தைத் திட்டமிடுவது எப்படி?

பள்ளிப் பிள்ளைகளை வைத்து முதன்முதலாக த்ரில்லர் எழுதுபவர்களின் சீன் பேப்பரைப் புரட்டினால், முதல் காட்சி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இரவு, மழை, ஓடுகிற கால்கள், ஒரு அலறல், கருப்புத் திரை, பிறகு 'மூன்று மாதங்களுக்கு முன்பு' என்று ஒரு எழுத்து. ஓடுவது யாருடைய கால் என்று தெரியாதபோது பார்ப்பவருக்குப் பதற்றம் வராது, சத்தம்தான் காதில் விழும். அதன்பின் மூன்று மாதம் பின்னால் போய் நிதானமாகக் கதை சொல்லத் தொடங்கும்போது, முதல் நிமிடத்தில் வாங்கிய கவனத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

இந்த வகைப் படத்துக்கு என்றே ஒரு பலம் உண்டு. பெரியவர்களுக்குப் பிரச்சினை வந்தால் போலீசுக்குப் போகலாம், வக்கீலைப் பார்க்கலாம், ஊரைவிட்டே போய்விடலாம். பதினேழு வயதில் இவை எதுவும் கிடையாது. வீட்டில் சொன்னால் படிப்பு நின்றுவிடும், பள்ளியில் சொன்னால் டிசி கையில் வந்துவிடும். அதனால் பிள்ளைகள் மறைக்கிறார்கள். அந்த மறைப்பில்தான் கதை ஓடுகிறது. எனவே முதல் காட்சியில் ஒரு பிள்ளை ஒரு சின்னப் பொய் சொல்ல வேண்டும், அந்தப் பொய்யை நாம் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பிணமும் ரத்தமும் பிறகு வரட்டும்.

மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, எழுத்திலிருந்து படப்பிடிப்பு வரை பார்ப்போம்.

முதலில் ஒரே வாக்கியம்

கேமராவையும் இடத்தையும் யோசிப்பதற்கு முன், 'யார், யாரிடம், எதை மறைக்கிறார், அதனால் எதைத் திரும்பப் பெற முடியாமல் செய்துவிடுகிறார்' என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நம் காட்சிக்கு அது இப்படி:

'பிளஸ் டூ படிக்கும் பவித்ரா, மதியமே பள்ளியைவிட்டு வெளியேறிய தோழி சுகன்யா இன்னும் வகுப்பில்தான் இருக்கிறாள் என்று சுகன்யாவின் அம்மாவிடம் போனில் பொய் சொல்கிறாள். பொய்யைக் காப்பாற்ற சுகன்யாவின் சைக்கிளை ஒளித்துவைக்கிறாள்.'

இதில் இரண்டு செயல் இருப்பதைக் கவனியுங்கள். வாயால் சொன்ன பொய்யை மறுநாள் மாற்றிச் சொல்லிவிடலாம். சைக்கிளை நகர்த்தியதை மாற்ற முடியாது. நாளை சுகன்யாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதென்றால், சைக்கிளில் இருப்பது பவித்ராவின் கைரேகை. வாக்கியத்தில் இந்த இரண்டாவது செயல் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது நாடகக் காட்சி, இன்னும் த்ரில்லர் ஆகவில்லை.

சைக்கிள் ஏன்? தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிப்பவர்களுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். ஒரே ஆண்டில் வாங்கியவை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தன் சைக்கிளைக் கண்டுபிடிக்க ஒருத்தி ஹேண்டில்பாரில் ரிப்பன் கட்டுவாள், இன்னொருத்தி மட்கார்டில் ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஒன்றுபோல் நிற்கும் நூறு பொருளில் ஒன்றை மட்டும் நமக்கு அடையாளம் தெரிவது த்ரில்லருக்குக் கிடைத்த பரிசு. உங்கள் கதை நடக்கும் ஊரிலும் பள்ளியிலும் இப்படி ஒரு பொருள் இருக்கும்: ஹாஸ்டல் டிரங்குப் பெட்டி, லேப் கோட்டு, டியூஷன் வாசலில் குவியும் செருப்பு. அதைத் தேடிப் பிடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

180 நொடிகளைப் பிரித்தல்

மூன்று நிமிடம் கேட்கச் சின்னதாக இருக்கும், தாளில் நொடிவாரியாகப் போட்டுப் பார்த்தால் நிறைய இடம் இருப்பது தெரியும்.

0–25: கருப்புத் திரையில் பள்ளி மணி. பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் கூட்டம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து எல்லோரும் வண்டியை எடுக்கிறார்கள்.
25–55: கூட்டம் கரைகிறது. பவித்ரா மட்டும் பைக்குள் சாவி தேடுகிறாள். உண்மையில் தேடவில்லை, நேரம் கடத்துகிறாள்.
55–75: இரண்டே சைக்கிள். ஒன்று அவளுடையது. இன்னொன்றில் மஞ்சள் ரிப்பன்.
75–90: வாட்ச்மேன் கூப்பிடுகிறார், சுகன்யாவின் அம்மா போனில் இருக்கிறார்.
90–135: போன். ஒரே ஷாட்.
135–160: ரிப்பன் சைக்கிளின் ஹேண்டிலில் தொங்கும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பார்க்கிறாள். கனக்கிறது.
160–180: சைக்கிளைக் கட்டடத்தின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறாள். புழுதியில் சக்கரத் தடம். டைட்டில்.

சாப்பாட்டுப் பை ஏன் கனக்க வேண்டும்? சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன் என்று சுகன்யா சொல்லியிருக்கிறாள். சாப்பாடு அப்படியே இருந்தால் அவள் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டாள் என்று அர்த்தம். பவித்ரா பொய் சொன்ன பத்தாவது நொடியில், தன்னிடமும் ஒரு பொய் சொல்லப்பட்டிருப்பது அவளுக்குத் தெரிகிறது. வசனம் இல்லாமல், கை தாழ்வதை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட வேண்டும். 'சாப்பிட்டுட்டுப் போறேன்' என்பதை எங்கே நுழைப்பது என்று புதியவர்கள் குழம்புவார்கள். இரண்டாவது காட்சியில் சொன்னால் போதும். முதல் காட்சியில் அவள் முகம் மாறியதைப் பார்த்தவர்கள் அந்தக் காரணத்துக்காகக் காத்திருப்பார்கள்.

பகுதிகளின் நீளம் சமமாக இல்லை என்பதையும் பாருங்கள். போனுக்கு மட்டும் 45 நொடி. எல்லாவற்றையும் 20 நொடிக்கு ஒன்றாக வெட்டினால் டிரெய்லர்போல ஆகிவிடும். எந்த இடத்தில் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமோ அந்த இடத்துக்கு நேரத்தை அள்ளிக் கொடுங்கள், மற்ற இடங்களில் கிள்ளிக் கொடுங்கள்.

வசனம்: ஒன்பது வரியை மூன்றாக்குதல்

போன் பேச்சின் முதல் வரைவு எப்படியும் எட்டு ஒன்பது வரி இருக்கும். நலம் விசாரிப்பு, பரீட்சை, டீச்சர் பேர் எல்லாம் வந்துவிடும். வெட்டிய பின் பவித்ரா பேசுவது இவ்வளவுதான்:

"சொல்லுங்க அத்தை."
"ஆமா, உள்ளதான் இருக்கா. டெஸ்ட் இன்னும் முடிக்கல."
(இடைவெளி) "இல்ல, நீங்க வர வேணாம். நானே கூட்டிட்டு வந்துர்றேன்."

மூன்றாவது வரிதான் உயிர். இரண்டாவது வரியோடு தப்பித்திருக்கலாம். கேட்காத வாக்குறுதி ஒன்றைத் தானாகக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாள். பொய் சொல்கிறவர்கள் தேவைக்கு மேல் ஒரு வரி கூடுதலாகச் சொல்வார்கள். எழுதும்போது அந்த ஒரு வரியைத் தேடுங்கள்.

சுகன்யாவின் அம்மா பேசுவது முழுதும் தெளிவாகக் கேட்க வேண்டியதில்லை. இடைவெளியில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழட்டும்: "பணியாரம் சுட்டுருக்கேன், நீயும் வந்து சாப்ட்டுப் போ தங்கம்." மிரட்டலும் சந்தேகமும் இல்லாத குரல். அந்த அன்பைக் கேட்டுக்கொண்டே பொய் சொல்வதுதான் வலி. அம்மாவைச் சந்தேகப்படுகிறவராக எழுதினால் பவித்ராவின் பொய்க்கு நியாயம் கிடைத்துவிடும், காட்சி செத்துவிடும்.

பிள்ளைகளின் பேச்சை நாம் எழுதிக் கொடுப்பதைவிட, நடிக்கும் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி அவள் வாயால் சொல்லவைத்து எழுதிக்கொள்வது நல்லது. 'வந்துர்றேன்', 'வந்திடுதேன்', 'வந்துடறேன்' என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கதை மதுரைப் பக்கம் நடந்தால் வாட்ச்மேனும் அம்மாவும் பவித்ராவும் ஒரே வட்டாரத்தில் பேச வேண்டும். மூன்று பேர் மூன்று ஊர்க்காரர்களாகப் பேசுவது சின்னப் பட்ஜெட் படங்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

லொகேஷன்: காட்சி நடக்கும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள்

காலை பத்து மணிக்கு லொகேஷன் பார்த்துவிட்டு மாலைக் காட்சிக்கு முடிவெடுப்பவர்கள் பிறகு தலையில் கை வைப்பார்கள். மாலை 5 முதல் 7 வரை அங்கேயே நில்லுங்கள். சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது, கட்டட நிழல் ஸ்டாண்டை எத்தனை மணிக்குத் தொடுகிறது, தெருவிளக்கு எப்போது எரிகிறது, எதிரே உள்ள கோயிலில் ஸ்பீக்கர் போடுவார்களா, பேருந்து ஹாரன் எவ்வளவு கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட ஒலியைப் போனிலேயே பதிவுசெய்து வீட்டில் ஹெட்போனில் கேளுங்கள். நேரில் நின்றபோது காது வடிகட்டிவிட்ட இரைச்சலெல்லாம் அதில் இருக்கும்.

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரின் வாய்வார்த்தை போதாது, கல்வித் துறையின் எழுத்து அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். பழைய தனியார் பள்ளி, மூடிக் கிடக்கும் பயிற்சி நிலையம், கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றையும் பாருங்கள். நமக்கு வேண்டியது தகரக் கூரை, மண் தரை, ஒரு கேட், ஒரு வாட்ச்மேன் அறை, அவ்வளவுதான். எந்தப் பள்ளியானாலும் அதன் பெயர்ப்பலகை, பேட்ஜ், சீருடை நிறம் எதையும் அப்படியே காட்ட வேண்டாம். கதையில் குற்றம் வருகிறது, அது உண்மைப் பள்ளி ஒன்றின் மேல் விழக் கூடாது.

இருநூறு சைக்கிள் தேவையில்லை, நாற்பது போதும். மூன்று வரிசையாக நிறுத்தி, முன்வரிசையில் எட்டு சைக்கிளை வைத்து, கேமராவோடு பின்னால் தள்ளிப்போய் 85 மில்லிமீட்டர் லென்ஸில் இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தால் வரிசைகள் ஒன்றோடொன்று நெருங்கி, காடாகத் தெரியும். அகல லென்ஸில் உயரத்திலிருந்து எடுத்தால் நாற்பது நாற்பதாகவே தெரியும். ட்ரோன் ஷாட்டைக் கைவிட இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது: மேலேயிருந்து பார்ப்பது யாருடைய பார்வையும் இல்லை. இந்தக் காட்சி முழுக்க பவித்ராவின் கண் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஷாட் டிவிஷன்

மொத்தம் 16 முதல் 18 ஷாட் போதும். அவற்றில் கூட்டத்துக்கு ஆறு, கரைவதற்கு நான்கு, போனுக்கு ஒன்று, மீதி பைக்கும் சைக்கிளுக்கும்.

திசையை முதலில் முடிவுசெய்யுங்கள். கேட் எப்போதும் ஃப்ரேமின் இடப்பக்கம், ஸ்டாண்ட் வலப்பக்கம். கூட்டம் முழுதும் வலமிருந்து இடமாகப் போகிறது. கடைசியில் பவித்ரா மட்டும் இடமிருந்து வலமாக, கட்டடத்தின் ஆழத்துக்குள் போகிறாள். எல்லோரும் வீட்டுக்குப் போகும் திசைக்கு எதிர்த்திசை அது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே மனதில் பதியும். கேட்டையும் ஸ்டாண்டையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டிக் கேமராவை எதிர்ப்பக்கம் வைத்து ஒரு ஷாட் எடுத்துவிட்டால் போதும், இத்தனையும் வீண்.

போன் ஷாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 50 மில்லிமீட்டர், மார்பளவு, ட்ரைபாட், அசைவு கிடையாது. பவித்ரா வாட்ச்மேன் அறை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள். போன் அவருடையது, பள்ளிக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது என்பதால். வாட்ச்மேன் அவள் தோளுக்குப் பின்னால் ஃபோக்கஸ் இல்லாமல் தெரிகிறார். கேட்கிறாரா, கேட்கவில்லையா என்று நமக்குத் தெரியாது. அவள் பார்வை சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம், கேமராவின் வலது ஓரத்தை ஒட்டி. 45 நொடியும் வெட்டே கிடையாது. அம்மாவின் வீட்டுக்கு கட் பண்ணிப் பணியாரச் சட்டியைக் காட்டலாமே என்று ஆசை வரும். காட்டிய நொடியே பார்ப்பவர் பவித்ராவின் பக்கத்திலிருந்து விலகி நிம்மதியாகிவிடுவார். அவளோடு மாட்டிக்கொண்டு நிற்கவைப்பதுதான் நோக்கம். பயந்து ஒரு சஜஷன் ஷாட்டும் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டுவது) ஒரு க்ளோசும் கூடவே எடுத்துவைத்தால், எடிட்டிங் டேபிளில் கை தானாக அவற்றைத் தேடும். அதற்குச் செலவாகும் நேரத்தில் இதே ஷாட்டை இன்னும் இரண்டு டேக் போகலாம்.

சாப்பாட்டுப் பைக்குள் உண்மையான சோறும் குழம்பும் நிரம்பிய டிபன் பாக்ஸ் இருக்கட்டும். காலி டிபனைத் தூக்கி 'கனமாக' நடிக்கச் சொன்னால் மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும், உள்ளே ஸ்பூன் கலகலக்கும். ஒன்றேகால் கிலோ இருந்தால் பையின் காது இழுபடுவதே க்ளோசில் தெரியும்.

அந்த இருபது நிமிடம்

பவித்ரா போன் பேசுவது சூரியன் மறைந்து, இருட்டு வராத நேரம். பிப்ரவரி முதல் பாதியில் மதுரைப் பக்கம் சூரியன் 6:25 அளவில் மறையும். (மார்ச் பொதுத்தேர்வுக்கு முந்தைய ஸ்பெஷல் கிளாஸ் நாட்களும் அவையே, கதைக்கும் பொருந்தும்.) நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்தி நீளாது. பயன்படும் வெளிச்சம் இருபது நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. 6:28 முதல் 6:45 வரை என்று வைத்துக்கொண்டால் 17 நிமிடம். 45 நொடி ஷாட், மறுபடி தயாராவது எல்லாம் சேர்த்து ஒரு டேக்குக்கு மூன்று நிமிடம். ஆக ஐந்து டேக். ஆறாவது கிடையாது. யூனிட் முழுதுக்கும் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த நேரத்தில் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது பாதிக்குப் பாதி, இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு டேக்குக்கும் ஐஎஸ்ஓவையோ (கேமராவின் வெளிச்ச உணர்வு) அப்பர்ச்சரையோ (லென்ஸின் திறப்பு) ஒரு படி ஏற்ற வேண்டும். ஷட்டரைத் தொடாதீர்கள். நொடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 1/50 வைத்தால் அறைக்குள் எரியும் விளக்கு துடிக்காது. 1/60 வைத்துவிட்டு வந்தால் பின்னணியில் வெளிச்சம் அலையலையாக ஏறி இறங்கும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

இன்னொரு விஷயம். வாட்ச்மேன் அறையில் ஏற்கெனவே இருப்பது வெள்ளை ட்யூபாக இருக்கும், பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்). அந்தி வானமும் நீலம், ட்யூபும் நீல வெள்ளை, இரண்டும் கலந்து படம் தட்டையாகும். ட்யூபை அணைத்துவிட்டு 2700 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்றை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு மாட்டுங்கள். கேமராவில் 4000 கெல்வின் வைத்தால் வெளியே நீலம், அறை மஞ்சள், நடுவில் பவித்ராவின் முகத்தில் இரண்டும் பாதிப் பாதி. கேமராவில் ஒரு படி ஏற்றும்போதெல்லாம் டிம்மரில் பல்பை அதே அளவு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாவது டேக்கில் ஜன்னல் வெளிச்சம் மிகுந்து வெந்துபோயிருக்கும். டிம்மருக்கென்று ஒரு ஆள் நிற்கட்டும்.

கடைசி ஷாட்டின் சக்கரத் தடத்தை இந்த நேரத்தில் எடுக்க முயல வேண்டாம். மதியம் முழுக்க நாற்பது சைக்கிள் உழுத தரையில் ஒரு தடம் தனியாகத் தெரியாது. இருட்டிய பின், வானம் தெரியாத நெருக்கமான ஃப்ரேமில் தனியாக எடுங்கள். தரையைப் பெருக்கி, சலித்த நைஸ் புழுதியை இரண்டு கூடை மெல்லத் தூவி, கேமராவுக்கு எதிர்ப்பக்கம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு எல்இடி பேனலைச் சாய்த்து வைத்தால்தான் தடத்தின் விளிம்பு நிழல் விழும். மேலேயிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தடம் காணாமல் போய்விடும்.

நாளின் ஓட்டம் இப்படி இருக்கலாம்: 2 மணிக்கு யூனிட், 2:30க்கு சைக்கிள் அடுக்குதல், 3:30 முதல் 4:45 வரை ஒத்திகை (போன் ஷாட்டை நிற்கும் இடத்திலேயே முழுதாக மூன்று முறை), 4:45 முதல் 5:45 வரை கூட்டம், அதன்பின் கூட்டத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு 6:20 வரை இரண்டு சைக்கிள் பகுதியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதும், 6:28க்கு போன், 6:50க்கு மேல் தடமும் பையின் க்ளோசும். கூட்டம் 5:45க்குள் முடியவில்லையென்றால் இரக்கமில்லாமல் அதை நிறுத்துங்கள். கூட்டத்தில் இரண்டு ஷாட் குறைந்தால் படம் பிழைக்கும், போன் ஷாட் போனால் காட்சியே இல்லை.

ஒலி

இந்தக் காட்சிக்கு டைட்டில் வரை பின்னணி இசை வேண்டாம் என்பதே நம் கருத்து. நாற்பது சைக்கிளின் கால் ஸ்டாண்ட் 'டக் டக்' என்று விடுபடும் சத்தம், மணி, சிரிப்பு, பிறகு பத்து சைக்கிள், பிறகு மூன்று, பிறகு ஒன்றே ஒன்றின் ஃப்ரீவீல் (பெடல் மிதிக்காதபோது பின்சக்கரத்தில் சுழலும் பல்சக்கரம்) 'டிக் டிக் டிக்' என்று கேட்டைத் தாண்டித் தேய்வது. இந்தத் தேய்மானமே இசை. பயப்படு என்று வயலின் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பவித்ராவின் பொய்யை யாரும் தாங்களாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அதற்கு ஒலியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ரெக்கார்டர் மீட்டரில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி. ஸ்டாண்ட் எடுப்பது, பூட்டு திறப்பது, ஃப்ரீவீல் அருகில், ஃப்ரீவீல் தூரம் போவது, கேட் கீல், டிபன் பையின் உரசல்: ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். கடைசியாக எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த இடத்தின் ஆம்பியன்ஸ் (வெறும் சூழல் ஒலி) ஒரு நிமிடம். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது இல்லாமல் முடியாது. ஜெனரேட்டர் வைத்தால் குறைந்தது நூறு மீட்டர் தள்ளி, சுவருக்கு அப்பால் வையுங்கள்.

போனில் அம்மாவாகப் பேசுபவர் அசிஸ்டென்ட் டைரக்டராக இருக்கக் கூடாது. நடிகையே மறைவிலிருந்து நிஜமாக அழைத்துப் பேசட்டும். பவித்ராவின் முகத்தில் அது தெரியும். அவர் குரலைத் தனியாகச் சுத்தமாகவும் பதிவுசெய்து, பிறகு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை வெட்டினால் போன் குரலாகிவிடும்.

பிள்ளைகள்

பவித்ராவுக்கு 18 நிறைந்த, பதினேழாகத் தெரிகிற ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எல்லா வகையிலும் நல்லது. கூட்டத்துக்கு 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வந்தால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள் பொருந்தும்: மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி, ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர், சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பு. பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதுப் பிள்ளைகள் என்றாலும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், தண்ணீர், கழிப்பறை, ஏழு மணிக்குள் வீடு என்பதைச் சட்டம் கேட்கிறதா என்று பார்க்காமல் செய்யுங்கள். கூட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கும் பேட்டா உண்டு, சாப்பாடு உண்டு.

ஒத்திகையில் பவித்ராவிடம் பயப்படச் சொல்லாதீர்கள். 'அத்தைக்குச் சந்தேகம் வராமல் பேசு' என்று மட்டும் சொல்லுங்கள். பயத்தை மறைக்க அவள் முயலும்போதுதான் பயம் தெரியும். அம்மா நடிகை ஒவ்வொரு டேக்கிலும் ஒரு சொல்லை மாற்றட்டும், அந்தச் சின்னத் தடுமாற்றம் நிஜமாக விழும்.

உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட சிறாரின் பெயர், படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் இடம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைப்பது போதாது. தியேட்டருக்குப் போகும் படமென்றால் தணிக்கையில் யூஏ சான்றிதழுக்குள்ளேயே (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது) இப்போது யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+ என்று மூன்று பிரிவு உண்டு. 2023 சட்டத் திருத்தத்தில் வந்தவை. உங்கள் படத்தைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் எந்தப் பிரிவில் வருகிறார்கள் என்பதை எழுதும்போதே யோசியுங்கள்.

முதலில் போனில் எடுத்துப் பாருங்கள்

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, அதே இடத்தில், அதே நேரத்தில், நண்பர்கள் ஆறு பேரையும் நான்கு சைக்கிளையும் வைத்து மொத்தக் காட்சியையும் போனில் எடுத்து வெட்டி ஒட்டுங்கள். கதை தெரியாத ஐந்து பேருக்குக் காட்டி மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இந்தப் பெண் யாரைக் காப்பாற்றுகிறாள்? என்ன பொய் சொன்னாள்? அடுத்து உனக்கு என்ன தெரிய வேண்டும்?

மூன்றாவதற்கு 'சுகன்யா எங்கே போனாள்' என்று வந்தால் காட்சி வேலை செய்கிறது. 'சைக்கிளை ஏன் ஒளித்தாள், இவளுக்கு என்ன பங்கு' என்று வந்தால் இன்னும் நல்லது. 'அந்த வாட்ச்மேன் யார்' என்று இரண்டு பேர் கேட்டால், ஃப்ரேமில் அவருக்கு அளவுக்கு மேல் இடம் கொடுத்துவிட்டீர்கள். அவரை இன்னும் கொஞ்சம் ஃபோக்கஸுக்கு வெளியே தள்ளுங்கள். ரிப்பன் சைக்கிள் யாருடையது என்றே யாருக்கும் புரியவில்லையென்றால், வாட்ச்மேன் வாயில் ஒரு வரி வையுங்கள்: "பாப்பா, சுகன்யா அம்மா லைன்ல இருக்காங்க. அவ வண்டிகூட இன்னும் நிக்குதே."

கடைசியாக ஒரு வேலை. சைக்கிள்களைச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளிடம்தான் கேட்டு வாங்கியிருப்பீர்கள். வாங்கும்போதே ஒவ்வொன்றின் சீட்டுக்கு அடியிலும் மாஸ்க்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டி, நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு முடிந்து பேக்-அப் ஆனதும் இருட்டில், ஒன்றுபோலவே நிற்கும் நாற்பது சைக்கிளையும் உரியவரிடம் காற்று நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை அதில்தான் அவர்கள் பள்ளிக்குப் போக வேண்டும்.